மெல்லத் திரும்பும் விழிகள்: நோஷிர் வாடியாவின் ஆய்வு வாழ்க்கை



நரம்பியல் நோய்கள் கண்ணில் எப்படித் தெரிகின்றன என்பதைப் பற்றிப் பேசும்படி இந்தச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையினர் கேட்டிருந்தார்கள். பரந்த பொருள். பார்வையின் பாதை விழித்திரையில் தொடங்கி மூளையின் பின்கோடி வரை செல்கிறது. மூளையிலிருந்து புறப்படும் பன்னிரண்டு இணை நரம்புகளில் ஆறு, ஏதோ ஒரு வகையில் கண்ணோடு தொடர்புடையவை. இவ்வளவையும் ஒரு மாலையில் அடுக்கிச் சொன்னால் பாடப்புத்தகத்தைப் படித்துக் காட்டியது போலாகிவிடும். அதனால் ஒரே ஒருவருடைய ஆய்வு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். அவர் பம்பாய் ஜே.ஜே. மருத்துவமனையில் பணியாற்றிய நரம்பியல் மருத்துவர் நோஷிர் வாடியா.

1925இல் சூரத்தில் பிறந்தவர். பம்பாய் கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் படித்தார். லண்டனில் நரம்பியல் மருத்துவர் ரசல் பிரெய்னிடம் பயிற்சி பெற்று 1957இல் பம்பாய்க்குத் திரும்பினார். பிற்காலத்தில் ஜஸ்லோக் மருத்துவமனையிலும் நரம்பியல் துறையை நடத்தினார். 2012இல் பத்மபூஷண் பெற்றார், 2016இல் காலமானார். கழுத்தெலும்பு மூட்டுப் பிசகால் தண்டுவடம் நசுங்குவது பற்றியும், பார்சி மக்களிடையே காணப்படும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் பற்றியும் அவர் முக்கியமான கட்டுரைகள் எழுதியிருக்கிறார். அவற்றை இன்று தொடப்போவதில்லை. கண்ணை ஒட்டிய அவருடைய இரண்டு கண்டுபிடிப்புகள்தான் என் பொருள். இரண்டும் 1971ஆம் ஆண்டைச் சுற்றியே நிகழ்ந்தவை. இரண்டும் அரசு மருத்துவமனை நோயாளிகளிடமிருந்து வந்தவை.

முதலாவது, கண்ணசைவு.

நம் கண் ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளுக்குச் செல்லும்போது நகர்வதில்லை; தாவுகிறது. இந்தத் தாவலை சாக்கேட் என்பார்கள். விநாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை நாம் இப்படித் தாவுகிறோம். நீங்கள் இந்த அரங்கத்தில் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருப்பவரைப் பார்க்கிறீர்களே, அதற்கு ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. பெரிய தாவல்களில் விழி சுழலும் உச்ச வேகம் விநாடிக்கு 500 பாகையைத் தாண்டும். கண்ணை விட வேகமாக அசையும் உறுப்பு நம் உடலில் அரிது.

வாடியாவிடம் வந்த சில நோயாளிகளுக்கு இந்தத் தாவல் இல்லை. அவர்கள் தள்ளாட்டத்துக்காக வந்தவர்கள். நடந்தால் கால் நிலைகொள்ளாது, பேச்சு குழறும், கை நடுங்கும். குடும்பத்தில் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ, பெரியப்பாவுக்கோ அதே தள்ளாட்டம் இருந்திருக்கும். சிறுமூளை தேய்வதால் வரும் பரம்பரை நோய் என்பது வாசலில் நுழையும்போதே தெரிந்துவிடும். பெயர் எழுதி, அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிடலாம். அன்றைக்கு அந்த நோய்க்கு மருந்தும் இல்லை, பிரித்துப் பார்க்க ஒரு பரிசோதனையும் இல்லை. வகைப்பாடே குழப்பமாக இருந்த காலம்.

ஆனால் சிறுமூளை நோய் என்றால் கண் துடிக்க வேண்டும். நிஸ்டாக்மஸ் என்று நாம் சொல்லும் துடிப்பு: கண் ஒரு பக்கம் மெல்ல வழுக்கும், மறுபக்கம் சட்டென்று திரும்பும். இந்த நோயாளிகளிடம் அந்தத் துடிப்பு இல்லை. தள்ளாட்டம் இவ்வளவு இருக்க, துடிப்பு ஏன் இல்லை? பக்கவாட்டில் பார்க்கச் சொன்னால் பார்க்கிறார்கள், முழுமையாகவே பார்க்கிறார்கள். கண் தசையில் வாதம் இல்லை. ஆனால் விழி அந்த இடத்துக்குப் போய்ச் சேரும் விதம் வேறாக இருக்கிறது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு, நம் கண் பின்தொடர்ந்து பார்க்கக்கூடிய அளவுக்கு, மெதுவாக ஊர்ந்து செல்கிறது.

துடிப்பு இல்லாததற்கும் அதுவே காரணம். சட்டென்று திரும்பும் பகுதி ஒரு வகைத் தாவல்தான். தாவல் போனால் துடிப்பும் போகும். காதில் குளிர்ந்த நீரை ஊற்றிப் பார்த்தால் சாதாரணமாகக் கண் துடிக்கும். இவர்களிடம் கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு அங்கேயே நின்றுவிடும். ஒரு அறிகுறி இல்லாததை அறிகுறியாக எடுத்துக்கொள்வதற்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்பதை மருத்துவ மாணவர்கள் கவனிக்க வேண்டும். இருப்பதைத்தான் கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். இல்லாததை எழுதுவதில்லை.

வாடியாவும் அவருடன் பணியாற்றிய ஆர்.கே. சுவாமியும் 1971இல் ‘பிரெய்ன்’ இதழில் ஒன்பது குடும்பங்களை விவரித்துக் கட்டுரை வெளியிட்டார்கள். மெதுவான கண்ணசைவோடு கூடிய, பரம்பரையாக வரும் சிறுமூளை, தண்டுவடத் தேய்வின் புதிய வடிவம் என்று அதற்குப் பெயரிட்டார்கள். புதிய வடிவம் என்று சொன்னது துணிச்சல். ஒரே நோயின் பல முகங்களில் ஒன்று என்று எளிதாகத் தள்ளிவிடக்கூடிய நேரம் அது. ஒன்பது குடும்பங்களிலும் அதே அசைவு திரும்பத் திரும்ப வருவதைக் கண்டதால் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

இதைச் சோதிக்க என்ன வேண்டும்? ஒரு பேனா, ஒரு விரல். இரண்டையும் நோயாளியின் முகத்துக்கு முன்னால் இடமும் வலமுமாகப் பிடித்து, ‘பேனாவைப் பாருங்கள், விரலைப் பாருங்கள்’ என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். அரை நிமிடம் போதும். ஆனால் ஓ.பி.யில் நாம் என்ன செய்கிறோம்? விரலை நீட்டி, ‘இதைப் பார்த்துக்கொண்டே வாங்க’ என்று மெதுவாக நகர்த்துகிறோம். அது பின்தொடரும் அசைவைச் சோதிப்பது. அதற்கு மூளையில் வேறு பாதை. தாவலை இழந்தவர் அந்தச் சோதனையில் பெரும்பாலும் தேறிவிடுவார். கண்ணசைவு சரியாக இருக்கிறது என்று நாமும் எழுதிவிடுவோம்.

அதே காலத்தில் கடலுக்கு அப்பால் வேறொரு வேலை நடந்துகொண்டிருந்தது. பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் ராபின்சன் என்ற பொறியியலாளர் 1963லேயே ஒரு கருவியை அமைத்திருந்தார். கண்ணில் மெல்லிய கம்பிச் சுருளைப் பொருத்தி, காந்தப் புலத்துக்குள் உட்கார வைத்து, விழி அசையும் ஒவ்வொரு நுண்பாகையையும் பதிவு செய்யும் கருவி. கண் ஏன் அவ்வளவு வேகமாகத் தாவுகிறது என்பதற்கு அவர் கணக்கோடு விடை சொன்னார். விழிக்கோளம் கண்குழியின் கொழுப்புக்கும் திசுக்களுக்கும் நடுவே பதிந்து கிடக்கிறது. அதை நகர்த்துவது சேற்றில் பதிந்த வண்டிச் சக்கரத்தை நகர்த்துவது போல: முதலில் பலமாக ஓர் உந்து வேண்டும், பிறகு அது பின்னால் சரியாமல் பிடித்திருக்க ஓர் அளவான அழுத்தம் வேண்டும். அந்த முதல் உந்தைத் தருபவை மூளைத்தண்டில், பான்ஸ் பகுதியில் இருக்கும் வெடிப்பு நரம்பணுக்கள். தாவலின் போது அவை விநாடிக்கு ஆயிரம் முறை வரை சமிக்ஞை அனுப்பும். மற்ற நேரங்களில் மௌனமாக இருக்கும். பம்பாய் நோயாளிகளிடம் அழிந்துபோனவை அவையே. உந்து இல்லை, பிடித்திருக்கும் அழுத்தம் மட்டும் இருக்கிறது. அதனால்தான் கண் கடைசியில் சரியான இடத்துக்குப் போய்ச் சேருகிறது, ஆனால் ஊர்ந்து சேருகிறது.

1976இல் நரம்பியல் மருத்துவர் டேவிட் ஜீ, ராபின்சனோடும் பிறரோடும் சேர்ந்து இத்தகைய மெதுவான தாவல் உள்ள நோயாளிகளை ஆராய்ந்தார். அதுவரை இருந்த கருத்து, தாவல் புறப்பட்டுவிட்டால் வழியில் திருத்த முடியாது என்பது. ஆரோக்கியமான கண்ணில் அதைச் சோதிக்க நேரமே கிடைக்காது. எண்ணுவதற்குள் தாவல் முடிந்துவிடும். இந்த நோயாளிகளிடம் நேரம் இருந்தது. கண் பாதி வழியில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது இலக்கை இடம் மாற்றினார்கள். கண் நடுவழியிலேயே திசை மாறியது. கண் எங்கே இருக்கிறது, எங்கே போக வேண்டும் என்பதை மூளை அசைவின் போதே ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறது என்பதற்கு அது சான்றாயிற்று. ஆரோக்கியமான மூளை மறைத்து வைத்திருந்த ஒன்றை நோயுற்ற மூளை காட்டிக்கொடுத்தது. இந்தத் துறையில் என்னை இழுத்துப் பிடித்து வைத்திருப்பதும் இப்படிப்பட்ட இடங்கள்தாம்.

1980இல் இன்னொரு செய்தி வந்தது. கனவுத் தூக்கத்தின் போது மூடிய இமைக்குள் நம் கண்கள் விரைவாக அங்குமிங்கும் அசையும். மெதுவான தாவல் உள்ள நோயாளிகளின் தூக்கத்தைப் பதிவு செய்தபோது அந்த அசைவும் இல்லை.

இனி இரண்டாவது கண்டுபிடிப்பு. இதில் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு.

கண் சிவந்து, பீளை கட்டி, வீட்டில் ஒருவருக்கு வந்தால் எல்லோருக்கும் வரும் நோயை ‘மெட்ராஸ் ஐ’ என்று இந்தியாவின் பல பகுதிகளில் சொல்கிறார்கள். எழும்பூர் கண் மருத்துவமனையில் 1918இல் கிர்க்பாட்ரிக் அதை விவரித்ததிலிருந்து நம் ஊர்ப் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது. அந்த வகைக்குப் பெரும்பாலும் அடினோவைரஸ் காரணம். 1969இல் ஆப்பிரிக்காவில், கானா நாட்டில், வேறொரு கண்நோய் கிளம்பியது. மனிதன் நிலவில் இறங்கிய சமயம் என்பதால் மக்கள் அதை ‘அப்போலோ 11 நோய்’ என்றார்கள். தொற்றிய ஒரு நாளுக்குள் கண் வீங்கும். வெள்ளை விழியில் இரத்தம் கசியும். ஒரு வாரம் பத்து நாளில் சுவடு தெரியாமல் போய்விடும். 1971இல் அது இந்தியாவுக்கு வந்தது. வங்கதேசப் போர்க்காலம் ஆதலால் வங்காளத்தில் அதை ‘ஜொய் பங்களா’ என்றார்கள். பம்பாயில் நகரமே கண் சிவந்து நின்றது. காரணமான வைரஸை ஜப்பானியர்கள் பிரித்தெடுத்தார்கள். அது எண்டரோவைரஸ் 70 என்று பெயர் பெற்றது. போலியோ வைரஸின் உறவு. உடலின் உள்வெப்பத்தை விடச் சற்றுக் குறைந்த வெப்பத்தில் நன்றாக வளரும். காற்றுப் பட்டுக் குளிர்ந்திருக்கும் கண்ணின் மேற்பரப்பு அதற்குத் தோதாக அமைந்தது.

கண் மருத்துவர்களைப் பொறுத்தவரை நோயாளி குணமடைந்து வீட்டுக்குப் போய்விட்டார். அத்தோடு கதை முடிந்தது. சில வாரங்கள் கழித்து, நகரின் நரம்பியல் பிரிவுகளில் வேறு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். வளர்ந்த ஆட்கள். முதுகிலும் காலிலும் வலி, பிறகு தொடை தளர்ந்து எழுந்து நிற்க முடியாமை, ஒரு கால் அதிகமாகவும் மறுகால் குறைவாகவும். உணர்ச்சி குறையவில்லை. பார்த்தால் அசல் போலியோ. ஆனால் அன்றைய இந்தியாவில் போலியோ குழந்தைகளைத் தாக்கும் நோய். பெரியவர்கள் சிறுவயதிலேயே அந்த வைரஸைச் சந்தித்து எதிர்ப்பாற்றல் பெற்றிருப்பார்கள். முப்பது வயது ஆளுக்குப் போலியோ எங்கிருந்து வந்தது?

‘சமீபத்தில் கண் சிவந்ததா?’ என்று கேட்டார் வாடியா. நோயாளி தானாக அதைச் சொல்லமாட்டார். காலுக்காக வந்தவர் ஆறிப்போன கண்நோயை ஏன் சொல்லப் போகிறார்? அந்தக் கேள்வியின் மதிப்பை நாம் இன்று உணர்வது கடினம், ஏனென்றால் விடை நமக்குத் தெரியும்.

விடை கிடைத்த பிறகும் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. நகரமே கண் சிவந்து கிடக்கும்போது, கால் விழுந்தவரிடம் கேட்டால் அவருக்கும் கண் சிவந்துதான் இருக்கும். எலும்பு முறிந்தவரிடம் கேட்டாலும் அப்படித்தான். உடன்நிகழ்வைக் காரணமாகக் காட்டுவது மருத்துவத்தில் மிக எளிதாக நேரும் பிழை. வாடியாவும் இரானி, கட்ரக் ஆகிய சகாக்களும் 1972இலும் 1973இலும் ‘லான்செட்’ இதழில் எழுதியபோது, கண்நோய்க்கும் வாதத்துக்கும் இடையே இருந்த கால இடைவெளியையும், ஒரே சாயலில் அமைந்த நோய்க்குறிகளையும், அவை கண்நோய் அலையைத் தொடர்ந்தே வந்ததையும் முன்வைத்தார்கள். எண்டரோவைரஸ் 70 குரங்குகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கும் என்று ஜப்பானில் சோதனை மூலம் காட்டினார்கள். 1981இல் பம்பாயில் மீண்டும் கண்நோய் அலை வந்தது. இம்முறை வாடியா குழு ஆயத்தமாக இருந்தது. கால் விழுந்தவர்களின் இரத்தத்திலும் தண்டுவட நீரிலும் அந்த வைரஸுக்கு எதிரான பொருள்கள் இருக்கின்றனவா என்று தேடி, 1983இல் முடிவுகளை வெளியிட்டார்கள். தொடர்பு உறுதியாயிற்று. பத்தாண்டுகள் ஒரு கேள்வியைக் கைவிடாமல் வைத்திருந்தால்தான் அடுத்த அலை வரும்போது மாதிரி எடுக்கக் கை நீளும்.

கண் மருத்துவத் துறையும் நரம்பியல் துறையும் வெவ்வேறு கட்டடங்களில், பல ஊர்களில் வெவ்வேறு மருத்துவமனைகளில் இயங்குகின்றன. அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்த நோயாளிகளைத்தான் வாடியா எடுத்துச் சேர்த்தார். இன்றும் கண் பார்வை மங்கி வருபவர் முதலில் கண்ணாடிக் கடைக்கும், பிறகு கண் மருத்துவரிடமும் போய், பல மாதங்கள் கழித்து எங்களிடம் வருகிறார். இதை மாற்றுவதற்கு ஒரு பெரிய திட்டம் தேவையில்லை. இரு துறையினரும் வாரம் ஒரு முறை ஒரே அறையில் உட்கார்ந்து நோயாளிகளைச் சேர்ந்து பார்த்தால் போதும் என்று உறுதியாக நம்புகிறேன்.

மறுபடி அந்த ஒன்பது குடும்பங்களிடம் வருகிறேன்.

1990களில் மரபணு ஆய்வு வேகம் பிடித்தது. கியூபாவின் ஓல்கின் மாகாணத்தில் தள்ளாட்ட நோய் உள்ள பெரிய குடும்பங்கள் பல இருந்தன. அங்கும் கண்கள் மெதுவாகவே திரும்பின. அந்தக் குடும்பங்களின் உதவியோடு, காரணம் 12ஆம் குரோமோசோமில் இருக்கிறது என்று 1993இல் கண்டார்கள். 1996இல் மூன்று ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே ஒரே நேரத்தில் மரபணுவைப் பிடித்தன: அட்டாக்ஸின் 2. அந்த மரபணுவில் சி.ஏ.ஜி. என்ற மூன்றெழுத்து பெரும்பாலோரிடம் 22 முறை திரும்ப வரும். 33 அல்லது அதற்கு மேல் வந்தால் நோய். எண்ணிக்கை கூடக் கூட நோய் இளவயதிலேயே தொடங்கும். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. நோய்க்கு எஸ்.சி.ஏ. 2 என்று எண் கொடுத்தார்கள்.

1998இல் வாடியா மீண்டும் ‘பிரெய்ன்’ இதழில் எழுதினார். வயது எழுபதைத் தாண்டியிருந்தது. ஆறு இந்தியக் குடும்பங்களின் மரபணுவையும் மருத்துவக் குறிகளையும் ஒப்பிட்ட கட்டுரை. தலைப்பிலேயே மெதுவான தாவலின் முக்கியத்துவத்தைக் குறிப்பிட்டிருந்தார். 27 ஆண்டுகளுக்கு முன் கண்ணால் பார்த்துத் தனி நோய் என்று சொன்னது, மரபணுவிலும் தனி நோயாகவே நின்றது. எஸ்.சி.ஏ. 2க்கு வாடியா–சுவாமி நோய்க்குறித் தொகுதி என்ற மாற்றுப்பெயரும் உண்டு. ஆனால் நம் மாணவர்களிடம் மேலும் கீழும் பார்க்க முடியாத நோயைக் கேட்டால், 1964இல் அதை விவரித்த ஸ்டீல், ரிச்சர்ட்சன், ஓல்சூஸ்கி என்ற மூன்று கனடா மருத்துவர்களின் பெயரையும் தடங்கலின்றிச் சொல்வார்கள். பக்கவாட்டுத் தாவல் மெதுவாகும் நோயைக் கேட்டால் எண்ணை மட்டும் சொல்வார்கள். அந்த நோய் பம்பாயில் கண்டறியப்பட்டது என்பதை அவர்களுக்குச் சொல்லித் தர வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஒரு சமூகத்தினரிடையே எஸ்.சி.ஏ. 1 என்ற உறவு நோய் மிகுதியாக இருப்பதை நம் நரம்பியல் மருத்துவர்கள் 2005இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆகவே தள்ளாட்டத்தோடு வரும் குடும்பங்கள் நமக்கும் புதியவை அல்ல. மரபணுப் பரிசோதனைக்கு ரத்தம் அனுப்பும் முன், எந்த எண்ணைத் தேடுவது என்று கண்ணின் வேகம் கொஞ்சம் வழிகாட்டும். கியூபாவில் லூயிஸ் வெலாஸ்கெஸ் பெரெஸ் குழு 2004இல் இன்னும் ஒரு படி மேலே போனது. மூன்றெழுத்து எத்தனை முறை திரும்ப வருகிறதோ, அதற்கேற்பத் தாவலின் வேகம் குறைகிறது என்று அளந்து காட்டினார்கள். தள்ளாட்டம் தொடங்கும் முன்பே, மரபணு மாற்றத்தைச் சுமப்பவர்களின் கண் வேகம் குறையத் தொடங்குகிறது என்பதும் அங்கிருந்து வந்த செய்தி. இந்த மரபணுவின் வேலையைத் தணிக்கும் சிகிச்சை 2017இல் எலிகளில் பலன் தந்தது. மனிதர்களில் சோதிக்கும்போது பலனை அளக்கக் கண்ணின் வேகம் நல்ல அளவுகோலாக அமையும்.

எந்திரங்கள் பெருகிய பிறகு கண் பரிசோதனைக்கு மதிப்பு குறைந்துவிட்டதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. விடாத தலைச்சுற்றலோடு வருபவருக்குப் பக்கவாதமா, உட்காதுக் கோளாறா என்று பிரிக்க, மூன்று எளிய கண் சோதனைகளை 2009இல் ஜார்ஜ் கட்டா, டேவிட் நியூமன்-டோக்கர் முதலியோர் முன்வைத்தார்கள். முதல் ஒன்றிரண்டு நாட்களில் எடுத்த எம்.ஆர்.ஐ. தவறவிட்ட பக்கவாதங்களையும் அந்தச் சோதனைகள் பிடித்தன. இதற்கு மேல் பதில் தேவையில்லை.

கடைசியாக, என்னை நெடுநாளாக உறுத்தும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தள்ளாடும் அப்பாவைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு மகள் வருகிறாள். நான் அப்பாவிடம் பேசுகிறேன். அவள் என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவளுடைய விழிகள் ஊர்வது எனக்குத் தெரிந்துவிடுகிறது. அவள் நோயாளி அல்ல, சீட்டு போடவில்லை, எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருக்கலாம். ரத்தப் பரிசோதனை என்றால் ஒப்புதல் கேட்டு, ஆலோசனை சொல்லி, அதன் பிறகே எடுக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. கண்ணால் பார்த்துவிட்டதற்கு எந்த விதியும் இல்லை. பார்க்கக் கற்றுக்கொண்டவரால் பார்க்காமல் இருக்கவும் முடியாது.

நான் செய்வது இதுதான். அங்கே எதையும் சொல்வதில்லை. அப்பாவின் கேஸ் ஷீட்டில் அவளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை. இது குடும்பத்தில் தொடரக்கூடிய நோய், விவரம் வேண்டுபவர்கள் யாராயினும் தனியே வந்து கேட்கலாம் என்று எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லி, ஓ.பி. இல்லாத ஒரு நாளையும் நேரத்தையும் எழுதிக் கொடுக்கிறேன். வருபவரிடம், தெரிந்துகொள்ளாமல் இருக்கவும் அவருக்கு உரிமை உண்டு என்பதை முதலில் சொல்கிறேன். அதற்குப் பிறகும் கேட்டால், பேனாவை எடுத்து அவர் முன்னிலையில், அவர் சம்மதத்தோடு, முறைப்படி பரிசோதிக்கிறேன். இந்த நடைமுறை சரியா, இதைவிட நல்ல வழி இருக்கிறதா என்பதைக் கண் மருத்துவர்களும் மரபணு ஆலோசகர்களும் இந்தக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் எங்களோடு உட்கார்ந்து பேச வேண்டும். அவையில் இருப்பவர்கள் இப்போதே அந்தப் பேச்சைத் தொடங்கலாம், கேள்விகளுக்குக் காத்திருக்கிறேன்.